முதுகில் இருந்த பெயர்

இன்னாசி சாமியாரை முத்துப்பிரியாவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. போடியில் அவள் வேலை பார்த்த ஃபிளெக்ஸ் கடைக்கே தேடி வந்தார். கவின்கலைக் கல்லூரியில் அச்சோவியம் படித்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மலைச்சரிவில் எழும்பும் புதுக் கோயிலுக்குச் சிலுவைப்பாதைப் படங்கள் வெட்டித் தர வேண்டும், இது கடவுள் உனக்குக் கொடுக்கிற வாய்ப்பு என்றார். கொடுப்பதே தான்தான் என்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

படிப்பு முடிந்து வந்ததிலிருந்து படம் செதுக்கி மை தடவி அச்செடுக்கும் லினோ தகட்டில் அவள் உளி வைத்ததேயில்லை. கை ஏங்கிக் கிடந்தது. சரி என்றாள்.

சாமியார் முன்பு தென்னாப்பிரிக்காவில் மிஷன் ஊழியம் பார்த்தவர். மாதிரிக்கென்று அங்கிருந்து கொண்டுவந்த பழைய அச்சுப்படங்களைக் காட்டினார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் மிஷன் பள்ளியில் கறுப்பர்கள் வெட்டியவை. கறுப்பு இயேசு, கறுப்பு மரியாள், புல்வேய்ந்த குடிசைகள். ஒவ்வொரு வெட்டும் தயக்கமில்லாமல் விழுந்திருந்தது. படத்துக்கு அடியில் மிஷனின் பெயர் மட்டும்தான் இருந்தது. வெட்டியவர் யாரென்று கேட்டாள். அங்கே படித்த பையன்கள் யாராவது இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

அந்த அலட்சியம் அவளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

இயேசுவுக்காக அழும் எருசலேம் பெண்களின் படத்தை வெட்டும்போது, தன் அம்மா மருதாயியையும் அவளோடு ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறும் பெண்களையும் அவர்கள் இடத்தில் வெட்டினாள். காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் காய்ப் பை, முதுகில் மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாள். அம்மாவின் முதுகுத் தாளில் தன் பெயரைச் சுற்றிலும் செதுக்கி எழுத்தெழுத்தாக நிறுத்தினாள்.

முதல் பிரதியைப் பார்த்ததும் சாமியாரின் முகம் சுருங்கியது. குடிசை வேண்டும், கால் வெறுங்காலாக இருக்க வேண்டும், பெயர் கூடாது.

"வெளிநாட்டுல உதவுறவங்க மலைச்சனங்களைப் பார்க்க ஆசைப்படுறாங்க. பூட்ஸ் போட்டா யாரும்மா நம்புவா?"

"வெறுங்காலோட போனா அட்டை கடிக்கும் சாமி. நம்பாதவங்களை ஒருநா காயெடுக்க வரச் சொல்லுங்க."

தகடுகள் கோயில் சொத்து என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் அம்மாவும் அவளைத்தான் ஏசினாள். பெயர் இல்லாவிட்டால் சோறு இறங்காதா, நாளைக்கு நான் அந்த மலைக்குத்தானே ஏறணும் என்றாள்.

கோயில் திறப்பன்று இருவரும் போனார்கள். பூட்ஸை எடுத்தால் காலே போய்விடும் என்பதால் அதை விட்டுவைத்திருந்தார்கள். பெயரை மட்டும் யாரையோ வைத்துத் தோண்டியெடுத்திருந்தார்கள். அங்கே மை பிடிக்காமல் அச்சில் அம்மாவின் முதுகில் வெள்ளையாக ஒரு ஓட்டை விழுந்திருந்தது. படிப்பறியாத ஒரு மலைப்பெண் தேவ அருளால் செய்த படங்கள் இவை என்று சாமியார் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முத்துப்பிரியா எழுந்து நின்றாள்.

"நான் காலேசுல படிச்சவ சாமி. எம்பேரு முத்துப்பிரியா. அதைத்தான் நோண்டிப் போட்டிருக்கீங்க."

கோயில்காரர் ஒருவர் அவளை வெளியே போகச் சொல்லிக் கைகாட்டினார். அவள் தனியாக இறங்கி வந்தாள். அம்மா பின்னால் வரவில்லை.

சில நாள் போயிற்று. ஒரு சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே மருதாயி கேட்டாள்.

"அந்த வெள்ளையா இருக்கே, அங்கதான் உம்பேரு இருந்துச்சா?"

"ஆமா."

"எம்முதுகுல இருந்ததைத் தோண்டுறதுக்கு அந்தாளு யாரு?"

படங்கள் இன்னும் அங்கேதான் தொங்குகின்றன. மலைப்பாதையில் சாமியார் எதிரே வந்தால் மருதாயி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர் கும்பிட்டால்கூடத்தான்.