ரெண்டரை நிமிடப் பாட்டு

பழைய இங்கிலீஷ் ஆட்டப் பாட்டுகளில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். சட்டென்று முடிந்துவிடும். நம் சினிமாப் பாட்டு ஐந்து நிமிடம் ஓடும். அதற்குள் ஒரு டீ குடிக்கலாம், ஸ்பீக்கர் வயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டும் வரலாம். இவை மிஞ்சிப்போனால் ரெண்டரை நிமிடம். டிரம்ஸில் ஒரு அடி விழும், அவ்வளவுதான், ஹால் முழுக்க அமைதி. அடுத்த பாட்டு தயாராக இல்லையென்றால் இருக்கிற தலையெல்லாம் என் பக்கம் திரும்பும். தாம்பரம் வட்டாரத்தில் மாதா கோயில் விசேஷங்களுக்கு மைக் செட் வைத்துப் பிழைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. சின்னப் பயங்கள் நிறைய உண்டு. கரண்ட் போவது, மழை, மாப்பிள்ளையின் நண்பர்கள் கையில் மைக் கிடைப்பது. அதனால் வயரிலிருந்து லேப்டாப் வரை எல்லாவற்றையும் ரெண்டு ரெண்டாகத்தான் வண்டியில் ஏற்றுவேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். ஆகவே பாட்டுகளின் பெயரையெல்லாம் அழித்துவிட்டு, காதில் விழுந்தபடி நானே தமிழில் பெயர் வைத்தேன். 'பியானோ படி இறங்குது.' 'சாக்ஸபோன் சண்டை.' 'கைத்தட்டு, ஜாக்கிரதை, பட்டுனு நிக்கும்.' அர்த்தம் தெரியாமல் மாதா கோயில் ஹாலில் போடுகிறோமே, ஏதாவது அசிங்கமாக இருந்துவிட்டால் என்று ஒரு வாரம் தூக்கமில்லை. காலேஜில் படிக்கிற என் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னாம்மா சொல்றான் இவன்?"

"சனிக்கெழமை வந்துடுச்சாம், வேலை முடிஞ்சிடுச்சாம், ஆடலாம் வான்னு கூப்பிடறான்."

"அப்புறம்?"

"அப்புறமும் அதேதான்ப்பா."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பாட்டுகள் மேல் ஒரு மரியாதை. வாரம் முழுக்க மூட்டை தூக்கியவன் சொல்ல வேண்டியதும் அதுதானே.

போன வருடம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஐம்பதாவது கல்யாண நாள் விழா. கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் மாதா கோயிலில் பூசை, மதியம் ஹாலில் பிரியாணி, நடுவில் ஒரு மணி நேரம் பாட்டு. கேக் வெட்டியானதும் அவர் மனைவி பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு பாட்டு வேணும். எங்க கல்யாணத்தன்னைக்கு ரயில்வே இன்ஸ்டிடியூட் கிளப்புல நாங்க ஆடினது. அப்பவே அது பழைய பாட்டு. அத போட்டாதான் ஆடுவேன்னு சேர்ல ஒக்காந்துட்டாரு."

முன்வரிசையில் கோட்டு சூட்டோடு கைகட்டி உட்கார்ந்திருந்தார் கணவர். ஆசிர்வாதம் வாங்க வந்தவர்களைக்கூட சிக்னல் கிடைக்காத வண்டியைப் பார்ப்பதுபோல்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு இன்னாம்மா?"

அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அதான் தெரியல. அம்பது வருஷமா 'நம்ம பாட்டு', 'நம்ம பாட்டு'ன்னே சொல்லிட்டிருந்தோமா, நெஜப் பேரு ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சு."

"சாரைக் கேட்டீங்களா?"

"போட்டா தெரியும்கிறாரு."

பக்கத்தில் நின்ற மகள் போனில் பாட்டைக் கண்டுபிடிக்கிற ஆப் ஒன்றைக் காட்டினாள். "அண்ணா, அம்மாவ இதுக்கிட்ட பாடச் சொன்னேன். ஏதோ பக்திப் பாட்டுன்னு காட்டுது."

"என் குரல் அப்படி" என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, பந்தி ஆரம்பிச்சா எல்லாரும் போயிடுவாங்க. சாப்ட்டதும் இவரு தூங்கிடுவாரு. அடுத்த அம்பதுக்கெல்லாம் நான் காத்திருக்க முடியாது" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"எப்டிம்மா ஆரம்பிக்கும்?"

"மொதல்ல கிடார். கோழி முட்டை போட்டுட்டுக் கத்துமே, அந்த மாதிரி."

என்னிடம் கோழி இருந்தது! 'கிடார் கோழி' என்றே பெயர் வைத்திருந்தேன். ஆனால் மூன்று இருந்தன: கிடார் கோழி ஒன்று, ரெண்டு, மூன்று. ஹெட்போனை அவர் காதில் மாட்டி ஒவ்வொன்றாகப் போட்டேன். "இதுதான்!" என்றார் முதலாவதுக்கு. "ஐயோ, இதுதான்!" என்றார் ரெண்டாவதுக்கு. மூன்றாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்தப் பாட்டுகள் அப்படித்தான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே ஜாடை.

சமையல்காரர் வாசலில் நின்று கரண்டியால் சைகை காட்ட ஆரம்பித்திருந்தார். பிரியாணி வாசனைக்கு ரெண்டு வரிசை எழுந்தேவிட்டது. வருவது வரட்டும் என்று ரெண்டாவது கோழியைப் போட்டேன்.

நான்கு வினாடிகூட ஆகவில்லை. பெரியவர் எழுந்தார். ஆட அல்ல, என்னோடு சண்டைக்கு. கைத்தடியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு நடு ஹால் வழியாக விரலை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னாபா இது? இது அது இல்ல! நிறுத்து!"

விரல் ஆட்டம் தோளுக்கு வந்தது. தோளிலிருந்து இடுப்புக்கு. பாதி வழியில் டிரம்ஸ் புகுந்ததும் வலது கால் தன்னிஷ்டத்துக்கு ஒரு சுழற்று சுழற்றியது. அவரே குனிந்து அதை ஆச்சரியமாகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு, இது நம்ம பாட்டு இல்ல."

"வாயை மூடிட்டு ஆடுங்க."

பந்திக்குக் கிளம்பியவர்கள் திரும்பி வந்து வட்டமாக நின்று கை தட்டினார்கள். நாலடித் தாளத்தில் நம் ஆட்கள் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவார்கள். அந்தப் பாட்டு ரெண்டிலும் நாலிலும் தட்டும். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்ப, ஹாலே இரட்டை மேளமாகிவிட்டது. எனக்கோ அவர் மூட்டு, அவர் நெஞ்சு, தரையில் சிந்தியிருந்த கேக் கிரீம் எல்லாவற்றின் மேலும் கவலை. ஒரு கண் அவர் காலில், ஒரு விரல் அடுத்த கோழியில். அந்தப் பாட்டு நின்ற மூச்சிலேயே அடுத்ததைத் தட்டிவிட்டேன். அது முடிந்ததும் மிச்சமிருந்ததையும்.

மூன்றும் ஓடி முடிந்தபோது அந்த அம்மாவுக்குப் பூ கழன்று தோளில் தொங்கியது. பெரியவர் கோட்டைக் கழற்றி மகளிடம் வீசிவிட்டு, மூச்சு வாங்க, என் மேஜையில் ரெண்டு கையையும் ஊன்றினார்.

"மூணுமே இல்ல" என்றார்.

"சாரி சார். தேடிப் பாக்கறேன் சார்."

"தேடு. பொறுமையா தேடு" என்று மனைவியின் கையைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். "அது கெடைக்கிற வரைக்கும் இதே மாதிரி வேற எதனா போட்டுகினே இரு."