என் வயதைச் சொன்னவர்

வேலணைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ரெலிபோன் வந்தது. பல் வைத்தியர் ஜெசிந்தா போய்விட்டார். சொன்னவர், ஊர்காவற்றுறையில் அவரோடு வேலை செய்த தாதி. அழுகைக்கு நடுவில் இன்னொன்றும் சொன்னார்: "இரங்கலுரை ஆர் வாசிக்கப்போறா தெரியுமே? பெரிய கேற் வீட்டு அன்ரி." எனக்கு வந்த கண்ணீர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அன்ரி வாசித்தார். மாதர் சங்கத் தலைவியாம். டொக்ரரை "ஏழைப் பிள்ளைகளின் தாய்" என்றார், குரல் தழுதழுக்க. அந்த ஏழைப் பிள்ளைகளில் ஒருத்தி பின்வரிசைக் கதிரையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அன்ரி சொல்லாமல் விழுங்கியதை, டொக்ரரைத் தெரிந்த உங்களுக்கு நான் எழுதுகிறேன்.

போர் முடிந்த கையோடு, தாய் தகப்பன் இல்லாமல் வன்னியிலிருந்து வந்த என்னை அன்ரி வீட்டு வேலைக்கு எடுத்தார். என் பத்திரங்கள் போரோடு போயின. அன்ரி சொன்னதே என் வயது. குசினியில் சட்டி கழுவும்போது நான் சின்னப்பிள்ளை. மனைவியை இழந்த தன் தம்பிக்கு, நாற்பது தாண்டிய மனிதருக்கு, என்னைக் கட்டிவைக்க நினைத்த நாளிலிருந்து எனக்குப் பதினெட்டு. யார் கேட்டாலும் அப்படியே சொல்லப் பழக்கினார்.

கலியாணம் நெருங்கியபோது எனக்குக் கன்னம் வீங்கியது. "வீங்கின மூஞ்சியோடை படம் எடுக்க ஏலாது" என்று அன்ரியே என்னை டொக்ரரிடம் இழுத்துப் போனார். அந்தப் படத்து ஆசைதான் அவரைக் கவிழ்த்தது. நன்றாக வேண்டும்!

டொக்ரர் என் வாயைப் பார்த்தார். "எத்தினை வயசு?"

"பதினெட்டு" என்றார் அன்ரி.

"பிள்ளையிட்டைக் கேட்டனான்."

நானும் பதினெட்டு என்றேன். டொக்ரர் எக்ஸ்ரே எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார். "பதினெட்டு வயசிலை பால்பல்லே?"

அன்ரி சளைக்கவில்லை. "பொம்பிளையளுக்கு முகம் சின்னன்தானே, டொக்ரர். எலும்பே அப்பிடித்தானே."

"ஓம். ஆம்பிளையைவிடப் பொம்பிளைக்கு நாடி சின்னன், புருவ எலும்பு வழுவழுப்பு, தாடை மூலை விரியாது. அது வளந்து முடிஞ்ச பொம்பிளைக்கு. இது வளந்துகொண்டிருக்கிற தாடை. பால்பல்லுக்குக் கீழை பெரிய பல்லு எலும்புக்குள்ளை நிக்குது, பாருங்கோ. கடைவாய்ப் பல்லு வர இன்னும் இடமே இல்லை. ரெண்டு முகமும் சின்னன் எண்டாப்போலை பிள்ளையைப் பொம்பிளை ஆக்கலாமே? இதுக்குப் பன்னிரண்டு வயசு. மிஞ்சினால் பதின்மூண்டு."

அன்ரி வாய் திறக்குமுன் சிறுவர் நன்னடத்தை அலுவலருக்கு ரெலிபோன் கோல் போய்விட்டது. "கலியாணத்துக்கு எனக்கும் சொல்லுங்கோ. பொலிசோடை வாறன்" என்றார் டொக்ரர். நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

அன்ரி சும்மா இருந்தாரா? மேலதிகாரிகளுக்குப் பெட்டிசத்துக்கு மேல் பெட்டிசம் எழுதினார். கௌரவமான குடும்பத்தை அவமானப்படுத்திய டொக்ரராம். டொக்ரர்மேல் விசாரணை வைத்தார்கள். தீவிலே பிறந்த அந்த மனுசியைத் தூர ஊருக்கு மாற்றினார்கள். டொக்ரர் சிறுவர் இல்லத்தில் என்னைப் பார்க்க வந்தபோது, "பெட்டிசம் எழுதினாப்போலை பிள்ளைக்குப் பல்லு முளைச்சிடுமே?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இல்லத்தில் எல்லோரும் அன்ரியை மன்னித்துவிடச் சொன்னார்கள். டொக்ரர் மட்டும், "முதல் அவ வந்து கேக்கட்டும். கேளாததை ஏன் குடுக்கிறீர்?" என்றார்.

கடைசியாகக் கண்டபோது அவர் பல்செட்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். பல் போன இடத்தில் தாடை வற்றி, மூக்கும் நாடியும் கிட்ட வந்து, முகம் கட்டையாகியிருந்தது. "என்ன பாக்கிறீர்? பல்லுப் போனால் எலும்பும் கரையும். இப்ப என்னையும் பன்னிரண்டு எண்டு சொல்லி ஆரும் ஏமாத்தலாம்" என்று பொக்கை வாயால் சிரித்தார். அன்று நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

செத்தவீட்டில் உரை முடிந்ததும் அன்ரி நேரே என்னிடம் வந்தார். எல்லோரும் பார்க்க என் நாடியைப் பிடித்து, "எங்கட வீட்டிலை வளந்த பிள்ளை" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை.

"அன்ரி, எனக்கு இப்ப என்ன வயசு?" உரத்தே கேட்டேன்.

"இதென்ன கேள்வி, பிள்ளை?"

"உங்கட தம்பிக்குக் கட்டிவைக்க இருந்தண்டைக்குப் பதினெட்டெண்டு சொன்னனீங்கள். அதிலையிருந்து எண்ணிச் சொல்லுங்கோ. சனம் கேக்கட்டும்."

முன்வரிசைக் கதிரைகள் திரும்பின. அன்ரியின் கை என் நாடியிலிருந்து இறங்கியது.

டொக்ரர் மீட்டுத் தந்த வருடங்களை நான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இன்னொன்று: என்றாவது அன்ரி மன்னிப்புக் கேட்டு வந்தால், முகத்துக்கு நேரே "ஏலாது" என்று சொல்லும் உரிமை. வரட்டும்.