கோட்டுக்கு வெளியே நின்ற முனிரத்தினம்

முனிரத்தினம் பொம்மிடி ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காகக் காத்திருந்தபோது மாரடைப்பில் போய்விட்டான் என்பதை அவன் மனைவி சாந்தியே போனில் சொன்னாள். அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதினால் அவனே சிரிப்பான். தருமபுரியில் எங்கள் ஸ்டுடியோவைக் கல்யாணத்துக்கு அழைத்த எல்லோருக்கும் அவனைத் தெரியும். மணமேடைக்கு எதிரே ஸ்டூல் மேல் ஏறி, மூஞ்சியைக் கேமராவால் மறைத்துக்கொண்டு நின்ற ஒல்லியான ஆள்.

சாந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, அவுரு சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணுங்க. வூட்டுல இருக்கறதெல்லாம் மொறைச்சிக்கிட்டு நிக்கிறதுதானுங்க. பாப்பா அப்பன் மூஞ்சிய மறந்துருமோன்னு பயமா இருக்குது." பாப்பா இப்போதுதான் நடக்கப் பழகுகிறது.

"நெறைய இருக்குதும்மா, நானே எடுத்தது. கொண்டாறேன்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

போன தை மாதம் பெங்களூரில் யாரோ விற்ற டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை அவன் வாங்கி வந்தான். மறுநாளே இருவரும் வத்தல்மலை ஏறினோம். தானாக ஃபோகஸ் பிடிக்கும் கேமராவிலேயே காலம் தள்ளிய எனக்கு அதைத் தொட்டதும் எரிச்சல்தான் வந்தது. லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. ஓரத்தில் ஒரு சின்னச் சன்னல். அதன் நடுவில் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் எதிரில் நின்றவர் நடந்தே போய்விடுவார்.

"இது கேமராவா, கண் டாக்டர் வச்சிருக்கற மெஷினா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணு சேர்ற வரைக்கும் பொறுங்கண்ணா. ஸ்கிரீன பாக்காதீங்க, ஆளப் பாருங்க" என்றான்.

மதியத்துக்குள் அந்தச் சன்னல் எனக்குப் பிடித்துப்போனது. படத்தில் விழப்போவது எவ்வளவு என்று காட்ட உள்ளே வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டம் இருக்கும். கட்டத்துக்கு வெளியே இருப்பதும் பளிச்சென்று தெரியும். களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டதும் விறைத்துப்போனார்கள். முனிரத்தினம் எனக்கு முன்னால், இடப்பக்கமாகப் போய் ஒருவரிடம் முறத்தை வாங்கினான். தூற்றத் தெரியாமல் தூற்றி, பதரையெல்லாம் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டான். களமே சிரித்தது, அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சன்னலில் பார்த்துக்கொண்டேதான் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

சாந்தியிடம் பேசியதும் கணினியைத் திறந்தேன். ஒரு படத்திலும் அவன் இல்லை. அந்த வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதான் நின்றிருக்கிறான். எல்லோரும் இடப்பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்கள். ஒன்றில் முறத்தின் விளிம்பு மட்டும் தெரிகிறது. முன்பே பார்த்த படங்கள்தான், ஆனால் ஃபோகஸ் விழுந்ததா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். சிரித்தவர்களின் கண்ணுக்குள்ளாவது இருப்பானா என்று பைத்தியக்காரன் மாதிரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக உடைந்ததுதான் மிச்சம். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் யாராவது செல்போனை நீட்டினால்கூட, "படம் எடுக்கறவனுக்கு மூஞ்சி எதுக்குங்க" என்று கையால் மறைத்துக்கொள்வானே, அதை நினைத்து அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அதியமான்கோட்டையில் அவன் வீட்டு வாசலில் கட்டிய பேனரில் ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். களத்துப் படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டு சாந்தியிடம் நீட்டினேன்.

"இதுல அவுரு எங்கீங்கண்ணா?"

"இவங்க பாக்கற எடத்துல நிக்கிறான்மா."

அவள் படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தாள். அதற்கு அப்பால் தரையில் விரித்த வெறும் பாய்தான் இருந்தது.

அவனுடைய அந்தக் கேமராவை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். தலையெல்லாம் பதரோடு அவன் சிரித்த சிரிப்பும் என்னிடம்தான் இருக்கிறது, யாருக்கும் காட்ட முடியாமல். அவனைத் தெரிந்தவர்களே, உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை, வீடியோவை, பழைய செல்போனை ஒருமுறை தேடிப் பாருங்கள். பந்தி ஓரத்தில், கண்ணாடியில், யாருடைய தோளுக்குப் பின்னாலாவது அவன் சிரித்துக்கொண்டிருக்கலாம். பாதி முகம் இருந்தாலும் போதும், கொண்டுவந்து கொடுங்கள். பாப்பா வளர்ந்துகொண்டிருக்கிறாள்.