ஈரத்திலேயே துடைக்கச் சொன்ன கோட்டிங்

1. பகல் பன்னிரண்டு மணி

டொக்டர் ஐயாவின் காரைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் கருநீலமாக இருந்த கார். இப்போது கூரையிலிருந்து டோர்வரை வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பொனட்டில் கோடு கோடாக வழிந்து அப்படியே இறுகிப்போயிருந்தது. நாலு மணிக்கு எல்ல என்ற ஊரிலிருந்து ஒருவர் காரை வாங்க வருகிறார். காரோடு என்னையும் டிரைவராகக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார்.

வண்டி கழுவும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். பெருமைக்கு எழுதவில்லை, பெருமைப்பட இதில் ஒரு மண்ணும் இல்லை. என் பெயர் சவரிமுத்து. பதுளை டவுனில் வீடு வீடாகப் போய்க் கார் கழுவிப் பிழைத்தவன்.

2. அதற்கு முன்னால்

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினொரு வருஷம் மருந்தடித்தேன். முதுகில் டாங்கி, ஒரு கையில் பம்பு, மறு கையில் குழாய். தேயிலைக்கு மருந்தடிக்கிறது சும்மா வேலை என்று நினைக்காதீர்கள். இலை காய்ந்திருக்க வேண்டும். வெயில் இருக்க வேண்டும். ஒரு இலை தப்பாமல் படவேண்டும். அடித்த பிறகு எவனும் தொடக்கூடாது, அது பாட்டுக்குக் காய வேண்டும். ஈரத்தில் அடித்தால் மருந்து ஓடிவிடும், கங்காணி நம் பரம்பரையையே இழுத்து ஏசுவார். என்னை மட்டும் ஒரு நாளும் ஏசியதில்லை. அந்த மண்டைக்கனம் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

தொண்ணூறுகளின் கடைசியில் நெஞ்சு இரைக்கத் தொடங்கியது. டாங்கியை இறக்கி வைத்துவிட்டு டவுனுக்கு வந்தேன். லைசன்சும் எடுத்தேன். ஆனால் தோட்டத்து ஆளை நம்பி யார் வண்டியைக் கொடுப்பார்கள்? கழுவத்தான் கொடுத்தார்கள். சரி, கழுவுவோம் என்று கழுவினேன். முதலில் ஹோஸ் பிடித்து மண்ணை ஊறவிட்டு இறக்கு, மேலிருந்து கீழே வா, டயர்ச் சில்லைக் கடைசியாகக் கழுவு, சில்லுக்குப் போட்ட ஸ்பொஞ்சைப் பெயின்ட் பக்கம் கொண்டுபோகாதே, வாளி இரண்டு வை. இவ்வளவையும் நானே பார்த்துப் பழகினேன்.

டொக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பதுளை ஆஸ்பத்திரியில் வேலை, பக்கத்திலேயே குவாட்டர்ஸ். ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் அவர் காரைக் கழுவினேன். அவருக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வந்தது. எல்லவில் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு சிங்கள மாத்தையா காரைக் கேட்டிருந்தார். அவருக்கு ஒரு டிரைவரும் தேவை. டொக்டர் ஐயா என் பெயரைச் சொல்லிவிட்டார். தங்க இரண்டு அறை, குழாய்த் தண்ணீர், மாதச் சம்பளம். ஐயாவின் வார்த்தையை நம்பி மாத்தையாவும் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து காரைப் பார்த்து எடுப்பதாகப் பேச்சு.

நான் தோட்டத்தை விட்ட பிறகும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்களுக்கு அறை இருந்தது என் பெண்சாதி ஞானம்மாவின் பெயரில். தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் அவள் பெயர் நிரந்தரமாக இருந்தது, இருபத்திரண்டு வருஷம். இனி நீ விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதில்லை, பேரை வெட்டச் சொல்லிவிடு என்றேன். வேலை கையில் வரட்டுமே என்று அவள் இழுத்தாள். டொக்டர் ஐயா சொன்ன வார்த்தை, உனக்கு என்ன தெரியும் என்று ஒரு போடு போட்டேன். சனிக்கிழமை ஆபீசுக்குப் போய்ப் பெயரை வெட்டிவிட்டு வந்தாள்.

3. மருந்தடித்த கை

ஞாயிறு காலை ஐயா வார்டுக்குக் கிளம்பும்போது ஒரு போத்தலைக் கொடுத்தார். கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியதாம். பெயின்டுக்கு மேலே அடிக்கிற கோட்டிங், அடித்தால் கண்ணாடி மாதிரி மினுங்கும். மாத்தையா வரும்போது கார் பளிச்சென்று இருக்க வேண்டும், அது எனக்கும் நல்லது என்றார். அவசரத்திலும் நின்று நிதானமாகச் சொன்னார்.

"நிழலுக்க விட்டுக் கழுவும். ஈரம் காயமுன்னம் ஒரு டோருக்குக் கொஞ்சமா அடிச்சு, உடனேயே துடைச்சுப்போடும். பிறகுதான் அடுத்த டோர். காய விடக் கூடாது. விளங்கிச்சுதோ?"

"விளங்குதுங்க ஐயா."

விளங்கியது. ஒரு சொல் பாக்கி இல்லாமல் விளங்கியது. அவர் தலை மறைந்ததும் எனக்குள் ஒரு கொழுப்பு. ஊசி போடுவது அவர் வேலை, ஸ்ப்ரே அடிப்பது என் வேலை. ஈரத்தில் அடித்தால் ஓடிப்போகுமே, இது கூடவா தெரியாது இந்த மனுசனுக்கு? அடித்த உடனே துடைத்தால் பிறகு எதற்கு அடிக்கிறது? பதினொரு வருஷம் மருந்தடித்தவனுக்கா சொல்லித் தருகிறார்?

காரைக் கழுவினேன். ஒரு சொட்டு இல்லாமல் துடைத்தேன். நல்ல வெயிலுக்குத் தள்ளினேன். பிறகு மலையில் அடிக்கிற மாதிரியே பின்பக்கமாகவே நடந்து நடந்து, ஓர் இடம் தப்பாமல் முழுப் போத்தலையும் அடித்தேன். இரண்டு கை, ஒன்றின்மேல் ஒன்று. அப்படி ஒரு சீரான அடி நான் தேயிலையில்கூட அடித்திருக்க மாட்டேன். அடித்துவிட்டு யாரும் தொடக் கூடாதே என்று குவாட்டர்ஸ் கேட்டைச் சாத்திவிட்டு, கடைக்குப் போய்ப் பிளேன்டீ குடித்தேன். இனி நானும் மாதச் சம்பளக்காரன்தான் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

திரும்பி வந்தபோதுதான் அந்த வெள்ளை.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஐயாவிடம் சொல்லியிருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்கும். வார்டு நடக்கிற தூரந்தான். போக வெட்கம். தண்ணீர் ஊற்றினேன், போகவில்லை. சோப் போட்டேன், போகவில்லை. தெரிந்த கராஜில் பெயின்டை உரசி மினுக்குகிற கட்டிங் பேஸ்ட் வாங்கி வந்து வெறுங்கையால் தேய்த்தேன். கொஞ்சம் விட்டது. விடுகிறதே என்று வெறி பிடித்தவன் மாதிரி தேய்த்தேன். பொனட்டின் விளிம்பில் பெயின்டே போய் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தபோதுதான் கையை எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், நாற்பத்தைந்து வயது ஆள்.

4. நாலு மணி

இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டைத் திறந்து வந்தார்கள். ஐயா காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை.

"நான் என்ன சொன்னனான், சவரிமுத்து?"

அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். நிழல், ஈரம், ஒரு டோர், உடனே துடைக்கிறது. ஒன்றையும் விடவில்லை. ஐயா தலையைக் குனிந்துகொண்டார். நான் மறந்துவிட்டேன் என்றோ விளங்கவில்லை என்றோ சொல்லியிருந்தால் அவர் எனக்காக வாய் திறந்திருப்பார். வாயைத் திறக்க ஒரு வழியும் நான் வைக்கவில்லை.

மாத்தையா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சாம்பல் தெரிந்த இடத்தில் விரலை வைத்தார். அடியில் குனிந்து பார்த்தார், எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேட்டார். கார் நல்லது, எடுக்கிறேன் என்று ஐயாவிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"பெயின்ட் திரும்ப அடிக்கலாம். சொன்னது விளங்கியும் செய்யாத ஆளை எல்ல ரோட்டுல விட ஏலாது. வண்டிக்குள்ள ஆள் இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. கார் போனது, நான் அங்கேயே நின்றேன்.

5. பெரட்டுக்களம்

லயத்துக்குப் போய்ச் சொன்னபோது ஞானம்மா சட்டி பானையைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு சாக்கை அவிழ்த்து உலை வைத்தாள்.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போனோம். அவளோடு நிற்கிற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஆபீசில் கிளாக்கரிடம் நான்தான் கெஞ்சினேன். ஒரு நாள்தானே ஆகிறது, பெயரைத் திரும்பப் போடுங்கள் என்றேன். வெட்டிய பெயர் வெட்டியதுதான், தோட்டத்துத் துரை கையெழுத்து வைத்துவிட்டார் என்றார். வேண்டுமென்றால் கைக்காசுக்கு எடுக்கலாம், அறையிலும் இருக்கலாம். கைக்காசு என்றால் அன்றாடம் எடுக்கிற கொழுந்துக்குக் கூலி, அவ்வளவுதான். வருஷக் கணக்கு கிடையாது, பழைய இருபத்திரண்டும் இனிச் சேராது. ஞானம்மா சரிங்க என்றாள்.

அன்று அவளுக்குக் கொடுத்தது எட்டாம் நம்பர் மலை, அட்டையும் சரிவுமாக யாரும் போக விரும்பாத மலை. பாதிப் பாதைவரை கூடப் போனேன். அங்கே நின்று கேட்டாள்.

"ஐயா சொன்னது உங்களுக்கு விளங்கலையா?"

"விளங்குச்சு."

"அப்ப ஏங்க?"

அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள்.

அதற்குப் பிறகும் நான் பல வருஷம் கார் கழுவினேன். எத்தனையோ கோட்டிங் வந்தது, எல்லாவற்றையும் சொன்னபடியே அடித்தேன், ஒரு திட்டு விழுந்ததில்லை. பழைய வேலையில் கெட்டிக்காரனாக இருந்தவன்தான் புது வேலையில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன். தலையை ஆட்டுகிறார்கள். நானும் ஆட்டினவன்தானே.

நாலு வருஷம் கழித்து ஞானம்மாவைத் திரும்ப நிரந்தரமாகப் பதிந்தார்கள். அவள் வேலையை விட்டபோது ஆபீசில் வேலை செய்த வருஷம் போட்ட ஒரு கடிதம் கொடுத்தார்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எத்தனை வருஷம் போட்டிருக்கு, வாசிங்க என்று என்னிடம் நீட்டினாள். ஐந்து என்று வாசித்தேன். அவள் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.