பேச்சுக்கு நடுவே மல்லிகா மேடம்

"கையில செல்போன் இருக்கும்போது இந்தக் கரகரப் பெட்டி எதுக்கு மேடம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். "டவர் சாஞ்ச அன்னிக்கு வாங்க, டீ குடுத்துச் சொல்றேன்" என்றார் மல்லிகா மேடம்.

அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், செங்கம் சாலை வீட்டு மாடியில் ஆன்டெனா நட்டு எங்கள் அமெச்சூர் ரேடியோ குழுவை நடத்தியவர் அவர். சென்ற வாரம் ஒருநாள், நாங்கள் தினமும் வயர்லெஸ்ஸில் கூடும் காலை அழைப்பில் அவர் குரல் வரவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழுமலைதான் சொன்னார்: "சார், மேடம் தூக்கத்துலயே போயிட்டாங்க."

புயல் மழையில் போன் அடங்கிவிட்டால், அவரவர் இடத்தில் கண்ணில் படுவதை வயர்லெஸ்ஸில் சொல்வது எங்கள் வேலை. மேடம் அவற்றைத் தொகுத்து அதிகாரிகளுக்குத் தெரிவிப்பார். ஏழுமலை "காத்து ஜாஸ்தி" என்றால் விடமாட்டார். "ஜாஸ்தின்னா? கிளை ஆடுதா, ஒடியுதா, மரமே சாயுதா?" வாத்தியாரான நான் வகுப்பு எடுப்பதுபோல் நீட்டினால், "சார், மணி அடிச்சிடுச்சு" என்பார்.

ஒரு புயல் நாளின் மதியம் அவரைக் கடைசிவரை விடவில்லை. வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசும் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மற்றவர் குரல் எடுபடாது. அன்று ஒருவர் விழுந்த மரத்தைச் சொல்லி முடித்த கையோடு இன்னொருவர் தளும்பும் ஏரியைச் சொன்னார்; அவரைத் தொட்டே அடுத்தவர். எங்கள் பேச்சுக்கு அடியில் மெலிந்த குரலொன்று இரண்டு தடவை வந்து அமுங்கியது. அது ஏழுமலை. அவர் தெருவில் மண்சுவர் சரிந்து ஒரு பெரியவர் சிக்கியிருந்தார். செய்தி எங்களை எட்டி, ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

முன்பே கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது, தெரியாததுதான் அவரை அரித்தது. யாரையும் திட்டவில்லை. "எல்லாரும் நிஜத்ததான் சொன்னோம் சார். நடுவுல ஒருத்தரும் மூச்சு விடலியே" என்றார்.

அதன்பின் ஒவ்வொருவர் பேசி முடித்ததும் சற்று நேரம் சும்மா இருப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் "மேடம், இருக்கீங்களா?" என்று பதறுவார்கள். "நான் இருக்கேன். வேற யாருனா இருக்காங்களான்னு பாக்கறேன்" என்பார்.

அந்தப் பொறுமையைத்தான் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நேற்று சாப்பாட்டின்போது வழக்கம்போல் பேசிக்கொண்டே போகாமல் நிறுத்தினேன். கொஞ்சம் கழித்து என் மனைவி, "ரெண்டு நாளா நெஞ்சு படபடங்குதுங்க" என்றாள். இன்று மருத்துவரிடம் போய்வந்தோம்.

இன்று வீட்டில் யாரிடமாவது ஏதாவது சொல்லி முடித்ததும், அடுத்ததைத் தொடங்காமல் ஒரு மூச்சு இழுத்து விட்டுப் பாருங்கள்.