ஒரே கவுண்ட்

"பிளேட்லெட் கவுண்ட் நல்லா இருக்குதுங்க, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." பாப்பிரெட்டிப்பட்டி கிளினிக்கில், டெங்குவில் துவண்டு கிடந்த என் தம்பியின் முகத்தைப் பார்க்காமலே டாக்டர் சொன்னார்.

"வாந்தி நிக்கலீங்க" என்றேன். ரிப்போர்ட்டை நீட்டினார். இரண்டாம் நாள் தம்பி இறந்துபோனான்.

கிளினிக்கில் அன்று எடுத்த ரத்தத்தில் மிச்சத்தை நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் உறைய வைத்தேன். ரத்தத்தில் இருக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்களை அளந்து, யாருக்கு டெங்கு முற்றப்போகிறது என்று முன்பே சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு.

போன மாதம் தர்மபுரியில் டாக்டர்களுக்கு வகுப்பெடுத்தேன். முன்வரிசையில் அந்தக் கிளினிக் டாக்டர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் அவரை மறக்க முயன்றதே இல்லை.

திரையில் இரண்டு நோயாளிகள், ஒரே கவுண்ட். மைக்கை அவரிடம் கொடுத்தேன்.

"யாரை வூட்டுக்கு அனுப்புவீங்க சார்?"

"ரெண்டு பேரையும்தான்."

அடுத்த படத்தில் ஒருவருக்கு மட்டும் குட்டி ஆர்.என்.ஏ. ஒன்று எகிறியிருந்தது.

"இப்ப?"

"இவரை அட்மிட் பண்ணணுங்க."

"நீங்க அனுப்பிட்டீங்க சார். இது என் தம்பி ரத்தம்."

மைக்கை நான் திரும்ப வாங்கவில்லை. அவர் பதில் சொல்லட்டும் என்று நின்றேன்.