கரடிக்கு ஒன்பதரை அங்குலம்

ஒன்பதரை அங்குலம். இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். 'முக்கால்' என்று நாங்கள் கூப்பிடும் தச்சர், பிள்ளைகள் விளையாடும் அறையில் ஒரு கரடி பொம்மைக்கு ஒதுக்கிய தட்டின் உயரம் அது.

முக்கால் என்பது பட்டப்பெயர். வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று யார் கேட்டாலும் "முக்கால்வாசி முடிஞ்சுது" என்பார். அன்று காலையில்தான் பலகையையே இறக்கியிருப்பார். ஆனால் முடித்துக் கொடுத்த வேலையில் ஒரு நூல்கூடப் பிசகியது கிடையாது.

நானும் வேலை பார்த்த இயந்திரத் தொழிற்சாலையில் கருவிக் கிடங்குத் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனர், சுத்தியல், ரம்பம், எதுவானாலும் அவர் செய்த அலமாரியில் தனித்தனி இருக்கை உண்டு. கருவியின் உயரம், அதற்கு மேல் ஒரு விரல் கனம். அவ்வளவுதான் இடைவெளி. சாயங்காலம் கிடங்குக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். ஓரிடம் காலியாக இருந்தால், "அலமாரி வாயைத் தொறந்துடுச்சுடா" என்று எங்களுக்குள் முணுமுணுப்போம். கேட்டைப் பூட்டுவார்கள். பையைக் கொட்டச் சொல்வார்கள். கையைத் தூக்கச் சொல்லி இடுப்பைத் தடவுவார்கள்.

அதை எதிர்த்துப் போராடினோம். 'எங்கள் பையில் இருப்பது சோற்றுப் பாத்திரம், உங்கள் சந்தேகம் அல்ல' என்று துண்டறிக்கை எழுதியவன் நான். மை காயும் முன்னே அதை வாங்கிக்கொண்டு போய், கேட்டில் நின்று விநியோகித்தவர் முக்கால். சோதனை நின்றது. அலமாரி மட்டும் அப்படியே நின்றது. நல்ல அலமாரியாயிற்றே, அதை யார் குறை சொல்வது?

அவருடைய மகள் தையல் பட்டறைக்குப் போகிறாள். மகளுக்கு நாலு வயதில் ஒரு பெண். பட்டறைக்குப் போகும் தாய்மார்கள் சேர்ந்து, குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓர் அறை பிடித்துப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்வது பெரியக்கா. பொம்மைகள் மூலையில் குவியலாகக் கிடக்கும். அறைச் சுவரில் கதவில்லாத ஓர் அலமாரிக் குழி. அதற்குத் தட்டு அடிக்க முக்காலைக் கூப்பிட்டார்கள்.

"மூணு தட்டு அடிச்சு விட்டாப் போதும் பெரியவரே" என்றாள் பெரியக்கா.

"மூணு தட்டா? செருப்பு விடுற எடத்துக்கே நான் அப்படிச் செய்ய மாட்டேன்மா. ஒவ்வொண்ணுக்கும் உக்கார எடம் வேணாமா?"

"பொம்மைதானே!"

"பொம்மைன்னா எளக்காரமா உங்களுக்கு?"

பொம்மைகளைத் தரையில் வரிசையாக வைத்தார். காதில் பென்சில், கையில் டேப். லாரி, மேளம், விளையாட்டுக் கட்டைப் பெட்டி என்று ஒவ்வொன்றாக அளந்தார். கரடி உட்கார்ந்த நிலையில் ஒன்பது. ஒரு விரலுக்கு அரை. ஆணி சிதறிக் கிடக்கும் என்று பிள்ளைகளை உள்ளே விடவில்லை. அவர் அளந்து முடிக்கும் வரை அந்த அறையில் ஒரு பிள்ளைகூட இல்லை. இதைத் தனியாகச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது.

முடித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஒவ்வொரு பொம்மையும் அதன் இருக்கையில். நானும் சும்மா இருக்கவில்லை. "தோழர், சங்க ஆபீசுக்கும் இப்படி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றேன்.

"உங்க பேச்சு நீளத்துக்கு எந்தத் தட்டும் பத்தாது தோழர்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், பேத்தியைக் கூட்டிவர அவரோடு நானும் நடந்தேன். கம்பிக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே தாய்மார்கள். உள்ளே பிள்ளைகள் வரிசையில்.

"கரடி எடம் காலியா இருக்கு. கெடைக்கிற வரைக்கும் யாரும் போகக் கூடாது" என்றாள் பெரியக்கா. ஒவ்வொரு பையாகக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கெட்டவள் இல்லை. முன்பு பொம்மைகள் குவியலாகக் கிடந்தபோது ஒன்று வீட்டுக்குப் போகும், இரண்டு நாளில் தானே திரும்பி வரும். யாருக்கும் தெரியாது, யாரும் தேடவில்லை. இப்போது அலமாரி வாயைத் திறந்துவிட்டது.

"கரடிய யாருக்கா தூக்கிட்டுப் போகப் போறா? எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு மீசையோட படுத்துக் கெடக்கு" என்றாள் ஒரு தாய். சிரிப்பு எழுந்து பாதியிலேயே அடங்கியது.

பேத்தியின் முறை வந்தது. தண்ணீர் பாட்டில், மாற்றுக் கவுன், ஒற்றைச் சாக்ஸ் தரையில் விழுந்தன. அவள் தானாகவே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். யாரும் சொல்லவில்லை. வீட்டில் முக்கால் அவளோடு ஆடும் விளையாட்டு அது. "ஏய், கையத் தூக்கு! டப்பாவுல என்ன, ரயிலா வச்சிருக்கே?" என்று காவலாளி மாதிரி மிரட்டி, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவார். பிள்ளை அதற்காகக் காத்து நின்றாள். பெரியக்கா கவுன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ம், போ" என்றாள்.

முக்கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் கரடி கட்டைப் பெட்டிக்குள் கிடைத்தது. படுக்க வைத்து, மேலே பேத்தியின் கைக்குட்டை போர்த்தியிருந்தது.

"அங்க வச்சா தலை இடிக்குது தாத்தா. அதுக்கும் இடிக்குது, எனக்கும் இடிக்குது" என்றாள்.

கருவியை ஒரு கையால் எடுப்போம். பொம்மையைப் பிள்ளை கட்டிப்பிடித்துக்கொண்டு தலையோடு உள்ளே நுழையும். ஒரு விரல் இடைவெளியில் இரண்டு கையும் ஒரு தலையும் எப்படிப் போகும்? அதை அளக்க அன்று அந்த அறையில் ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும். இல்லை.

மறுநாள் பேத்தி கதவு நிலையைக் கட்டிக்கொண்டு, "வரமாட்டேன், பையப் பாப்பாங்க" என்று அழுதாள். மகள் லீவு போட்டாள். அடுத்த நாளும் அதே அழுகை, அதே லீவு. பட்டறையில் மூன்றாவது லீவுக்கு மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள்.

"அப்பா, ஒன் கிடங்கப் பேத்துக் கொண்டாந்து எம்புள்ள ரூமுல வச்சிட்ட" என்றாள் மகள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"தோழர், தாய்மாருங்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க."

எழுதினேன். 'வடிவமைப்பில் ஏற்பட்ட குறைபாட்டின் விளைவாக' என்று தொடங்கினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"யாரோட கொறைபாடு? பலகையோடதா?"

"பொதுவா அப்படித்தான் எழுதுறது."

"நான்ங்கிற வார்த்தை ஒரு எடத்துலயும் காணோமே தோழர்." காகிதத்தை நாலாக மடித்து, என் ஆடும் மேசையின் காலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். மேசை ஆட்டம் நின்றது. வேறு உபயோகம் அதற்கு இல்லை.

அன்று சாயங்காலமே தாய்மார்கள் முன்னால் நின்றார். தலை நிமிரவில்லை. "கேட்டுல என்னையத் தடவுனாங்க. வெக்கத்துல செத்தேன். அதே அலமாரியத்தான் இங்க செஞ்சு வச்சேன். பெரியக்கா மேல தப்பு இல்ல. காலியான எடத்தப் பாத்தா தேடத் தோணும். தோணணும்னுதான் அத அப்படிச் செய்யிறது."

"பையக் கொட்டுனவ நான்தானே பெரியவரே" என்றாள் பெரியக்கா. புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கொட்ட வச்சது நான்மா. காலையில கழட்டிடுறேன்."

காலையில் நானும் கூட இருக்க, தட்டு, தடுப்பு எல்லாவற்றையும் கழற்றினார். இந்த முறை ஆணிகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை உள்ளேயே இருக்க விட்டார். மகள் பேத்தியை வாசல் வரைக்கும் இழுத்து வந்திருந்தாள். பட்டறை மணி அடிக்கும் நேரம்.

"வா கண்ணு, அளவெடுக்கணும்" என்று டேப்பை இழுத்தார்.

பிள்ளை வந்தாள். டேப்பைப் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டேப் சர்ரென்று சுருண்டது.

"கைய எறக்கு கண்ணு."

"பாத்து முடிச்சிட்டியா தாத்தா?"

மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்தேன். அந்தக் கைகளை அவரேதான் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினார். கிச்சுக்கிச்சு மூட்டவில்லை. இனிமேல் மூட்டவும் மாட்டார். டேப்பை என்னிடம் தள்ளிவிட்டுக் கரடியை அவளிடம் கொடுத்தார்.

"ஒனக்குத் தோணுற மாதிரி வை."

அவள் கரடியைக் கட்டிக்கொண்டு காலியான அலமாரிக்குள் தவழ்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் ஒரு பலகையை அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

"இடிக்குதா?"

"இடிக்குது."

உயர்த்தினார்.

"இப்ப?"

"முடி படுது."

இன்னும் உயர்த்தினார்.

"இப்ப இடிக்கல தாத்தா. நான் இங்கயே இருக்கேன். அம்மா, நீ போ."

மகள் ஓடினாள். முக்கால் பென்சிலால் சுவரில் கோடு போட்டார். கோடு வளைந்துபோயிருந்தது. அவர் போட்டு நான் பார்த்த முதல் கோணல் கோடு. "அளவச் சொல்லுங்க தோழர், எனக்குக் கண்ணு தெரியல" என்றார். நான் டேப்பை வைத்துப் படித்தேன்.

இருபத்து மூன்று அங்குலம்.